இரண்டு நிமிடம் இருபத்தைந்து நொடி

2008ஆம் ஆண்டு, பிப்ரவரி 19, செவ்வாய்க்கிழமை. இந்தத் தேதியை நான் எதிலும் பார்த்து எழுதவில்லை. மனப்பாடம். அன்று சாயங்காலம் 6:52 முதல் இரவு 9:22 வரை, கொடைக்கானல் மலையில் கவுஞ்சி என்ற ஊரில் ஒரு கேரட் தோட்டத்தில் எனக்கு நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். ஒரு சொல் கூட்டிச் சொல்ல மாட்டேன். பேய், பிசாசு என்று யாராவது பேச ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிறவனாக இருந்தவன் நான்தான். இப்போது சிரிப்பதில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

என் பெயர் முருகவேல். சொந்த ஊர் பழனி. அடிவாரத்தில் அப்பாவுக்குப் பஞ்சாமிர்தக் கடை. நாள் முழுக்க டப்பாவுக்கு மூடி போடுகிற வேலை எனக்கு ஆகாது என்று சண்டை போட்டுக்கொண்டு மலையேறிவிட்டேன். கொடைக்கானலில் குருநாதன் அண்ணன் கடையில் சேர்ந்தேன். செல்போன் ரிப்பேர், மெமரி கார்டில் பாட்டு ஏற்றுவது, சுற்றுலா வந்தவர்கள் ஏரியில் முக்கியெடுத்த கேமராவைக் காயவைத்துக் கொடுப்பது... இதுதான் வேலை. எந்த எம்பி3 பிளேயர் கைக்கு வந்தாலும் அதன் செட்டிங்ஸுக்குள் நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். இதற்காகவே அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

"கேட்டத மட்டும் செஞ்சு குடுடா. கூட ஒரு வேல செய்யின்னு உன்ட்ட யாரு அழுதா?" என்பார். அவர் சொன்னதை அன்று ஒரு நாள் கேட்டிருந்தால் போதும்.

காலை பத்தரை மணி இருக்கும். கடைக்கு ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயது. தலையில் கம்பளி மப்ளர். கண்கள் இரண்டும் தூக்கமில்லாமல் சிவந்து கிடந்தன. பெயர் மூக்கம்மா. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுபதுகளில் வந்து இறங்கிய குடும்பம். கவுஞ்சி மலைச்சரிவில் சில அடுக்கு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, புருஷனும் பெண்டாட்டியுமாகக் கேரட் போட்டிருந்தார்கள். மடியிலிருந்து ஒரு சின்ன பிளேயரை எடுத்து மேஜைமேல் வைத்தார். தீப்பெட்டி அளவு. சீனா சரக்கு. மகள் ஆனந்தி வாங்கிக் கொடுத்ததாம்.

"இதுல எங்க வீட்டுக்காரரு கொரல் இருக்கு தம்பி. அது ஒருக்க ஓடி முடிஞ்சதும் சினிமாப் பாட்டு வந்துருது. ராத்திரி பூரா நாந்தான் முழிச்சிருந்து திருப்பித் திருப்பி வச்சுக்கிட்டு இருக்கேன். அவரு கொரலே திரும்பத் திரும்ப வர்ற மாதிரி வச்சுக் குடுங்க. எனக்கு இதெல்லாம் விளங்காது."

காதில் மாட்டிக் கேட்டேன். ஒரு மனிதர் அடிவயிற்றிலிருந்து கத்துகிறார். "ஓ...ஓ...ஓய்... போ... அங்கிட்டுப் போ... ஓய்..." கூடவே தகரத்தைத் தட்டுகிற சத்தம். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை.

கவுஞ்சிப் பக்கம் இருட்டினால் காட்டுமாடுகள் தோட்டத்துக்குள் இறங்கிவிடும். ஒரு மாடு ஓர் ஆள் உயரம். நாலு மாடு இறங்கினால் ஒரே இரவில் ஓர் அடுக்குக் காலி. அதனால் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு காவல் குடிசை இருக்கும். ராத்திரி முழுக்க ஆள் உட்கார்ந்து கத்த வேண்டும். அதற்கும் அங்கே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒருவர் இரண்டு மூன்று நிமிடம் கத்துவார். பிறகு பக்கத்துத் தோட்டக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அவர் 'இருக்கேன்' என்று பதில் கொடுப்பார். இவர் தண்ணீர் குடித்து மூச்சு வாங்குவார். மறுபடியும் கத்துவார். யாரும் தூங்கிவிடாமல் இருக்க, தொண்டையும் தாங்க, இந்த ஏற்பாடு.

மூக்கம்மாவின் கணவர் மாடசாமி அந்தச் சுற்று வட்டாரத்திலேயே பெரிய தொண்டைக்காரர். பொங்கலுக்கு வந்திருந்த ஆனந்தி, அப்பா கத்துவதை விளையாட்டாக இந்தப் பிளேயரில் பதிவு செய்திருக்கிறாள். அடுத்த இரண்டு வாரத்தில் ஒரு நாள், அதே குடிசையில் மாடசாமி விழுந்துவிட்டார். வலது பக்கம் முழுக்க வராமல் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. மலைக்குக் கீழே ஓர் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாளாகப் படுத்திருக்கிறார். துணைக்கு ஆனந்தி. இங்கே தோட்டத்துக்கு மூக்கம்மா மட்டும்.

"ரேடியோ வச்சுப் பாத்தேன் தம்பி. மூணே நாளுதான். பாட்டுக் கேட்டுக்கிட்டே மேயுதுங்க. அவரு கொரலுக்கு மட்டுந்தான் பயப்படுதுங்க. இன்னும் பத்து நாளு. கேரட்ட எடுத்துட்டா அவர மதுரைக்குக் கொண்டு போயிருவோம். இது போச்சுன்னா அவரும் போயிருவாரு."

அவ்வளவுதான் விஷயம். பத்து நாள் அந்தக் குரல் கத்த வேண்டும். செட்டிங்ஸில் போய் ரிப்பீட்டை 'நார்மல்' என்பதிலிருந்து 'ஒன்' என்று மாற்றினால் போதும். அரை நிமிட வேலை. மாற்றினேன். அத்தோடு கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும்.

ஆனால் பதிவு முழுவதையும் கேட்டேன். மொத்தம் 4 நிமிடம் 12 நொடி. அதில் கத்தல் இரண்டரை நிமிடம்தான். அப்புறம், "ஏலே ஆண்டிச்சாமி... முழிச்சிருக்கியா..." எங்கோ தூரத்தில் மெல்ல ஒரு பதில். பிறகு செம்பைத் தூக்குகிற சத்தம். தண்ணீர் இறங்குகிற சத்தம். பெருமூச்சு. வெறும் காற்று.

"இந்த எடத்துல சும்மா இருக்காரேம்மா. இப்ப மாடு வராதா?"

"அப்பத்தான வருதுங்க. அவரு தண்ணி குடிக்கிற நேரம் பாத்துத்தான் உள்ள எறங்குதுங்க. முந்தாநேத்துக்கூட ரெண்டு."

"அப்ப இனிமே அவரத் தண்ணி குடிக்க விடாமப் பண்ணிருவோம்" என்றேன்.

அந்த அம்மா முதல் முறையாகச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிளேயரில் ஏ-பி ரிப்பீட் என்று ஒரு வசதி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது ஓர் இடத்தில் பொத்தானை அமுக்கினால் அது ஏ. இன்னோர் இடத்தில் அமுக்கினால் அது பி. அதற்குப் பிறகு ஏ-க்கும் பி-க்கும் நடுவில் உள்ளது மட்டும் ஓயாமல் சுற்றும். பாஷை படிக்கிறவர்களுக்காக வைத்தது. பிளேயரை அணைத்தால் அழிந்துவிடும். ஆகவே தோட்டத்தில் வைத்துத்தான் போட முடியும். தோட்டத்து ஸ்பீக்கர் வயரும் சரியில்லை என்றார் அந்த அம்மா. "போய்ப் போட்டுக் குடுத்துட்டு, நாளைக்கு வெள்ளனே வந்துரு" என்று குருநாதன் அண்ணன் அனுப்பிவைத்தார்.

ஒரு மணி பஸ். பூம்பாறை, மன்னவனூர் தாண்டிக் கவுஞ்சி போய் இறங்கும்போது மணி மூன்றரை. இனிக் காலையில்தான் திரும்ப முடியும். ஊரிலிருந்து அரை மைல் இறக்கத்தில் தோட்டம். பச்சைப் பசேல் என்று அடுக்கடுக்காகக் கேரட். கீழ் எல்லையில் சோலைக் காடு. மேலே காவல் குடிசை. உள்ளே ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு செம்பு, ஒரு பழைய லாரி பேட்டரி, அதில் மாட்டிய ஆம்ப்ளிஃபயர். வெளியே மரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர். வயரைச் சரிசெய்தேன். பிளேயருக்குப் புது பேட்டரி போட்டேன். வால்யூம் முப்பது. அதற்கு மேல் கிடையாது.

"நீங்க வீட்டுக்குப் போய்த் தூங்குங்கம்மா. இன்னைக்கு ஒரு நாளு நான் இருக்கேன்" என்றேன். பெரிய மனுஷத்தனம். பத்தொன்பது நாளாகத் தூங்காத உடம்பு அது. அவர் மறுக்கவில்லை. தூக்குவாளியில் சோறும் ஒரு கம்பளியும் வைத்துவிட்டு, ஆறேகாலுக்கு ஊருக்கு ஏறிப் போய்விட்டார்.

6:52. ஏ போட்டேன். ஆறாவது நொடியில். 2:31 வந்தது. "ஏலே" என்று அவர் ஆரம்பிப்பதற்கு முன்பே பி போட்டேன். சுத்தமாக வெட்டி எடுத்த மாதிரி விழுந்தது. ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம் இருபத்தைந்து நொடி. கத்தல்... கத்தல்... மறுபடியும் கத்தல். இடைவெளியே இல்லை. என் வேலையை நானே மெச்சிக்கொண்டு கட்டிலில் சாய்ந்தேன்.

பொழுது போகாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சுற்றுகளை எண்ணினேன். பத்தாவது சுற்று முடியும்போது 7:16. கணக்குத் தப்பவில்லை. பௌர்ணமிக்கு இரண்டு நாள்தான் பாக்கி. பனியும் நிலவுமாகத் தோட்டம் பால் கொட்டியது போல் கிடந்தது. குளிர் எலும்பில் ஏறியது.

அப்போதுதான் முதலில் கவனித்தேன். சுற்று முடிந்து மறுபடி ஆரம்பிக்கிற இடத்தில் ஏதோ ஒரு சின்னச் சத்தம். "ஹ்ஹ்..." என்று. கத்துவதற்கு முன்பு ஒருவர் அவசரமாக மூச்சை இழுக்கிற சத்தம்.

கடையில் கேட்டபோது அது இல்லை. பதிவின் தரம் அப்படி, மட்டமான சரக்கு என்று விட்டுவிட்டேன்.

7:40. இருபதாவது சுற்று. குரல் லேசாகக் கம்மியது. பேட்டரி இறங்குகிறதோ என்று பார்த்தேன். பிளேயரின் நீல வெளிச்சத்தில் மூன்று கோடுகளும் முழுசாக இருந்தன. பேட்டரி இறங்கினால் சத்தம் குறையும், கரகரக்கும், இழுக்கும். இது அப்படி இல்லை. சந்தையில் நாள் முழுக்கக் கூவி விற்றவன் தொண்டை சாயங்காலம் எப்படி இருக்கும்... அப்படி இருந்தது.

ஈக்வலைசரைத் தட்டினேன். 'ராக்' வைத்தேன். 'ஜாஸ்' வைத்தேன். மறுபடி 'நார்மல்' வைத்தேன். எதிலும் அந்தக் கம்மல் போகவில்லை.

7:58. மேட்டிலிருந்து டார்ச் வெளிச்சம். ஒரு ஆள் இறங்கி வந்தார். பக்கத்துத் தோட்டத்து ஆண்டிச்சாமி. பதிவில் மாடசாமி பேர் சொல்லிக் கூப்பிடுவாரே, அவர்தான். குடிசைக்குள் வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

"யாரு தம்பி நீங்க?"

சொன்னேன்.

"என்னத்தப் பண்ணி வச்சிருக்கீக? தெனமும் என்னையக் கூப்புடுவான். நான் பதில் குடுப்பேன். ரெக்கார்டுன்னாலும் பதில் குடுத்துருவேன். பழக்கமாப் போச்சு. இன்னைக்கு ஏன் கூப்புட மாட்டேங்கான்?"

வெட்டிவிட்டேன் என்றேன். காரணம் சொன்னேன்.

அவர் ஸ்பீக்கர் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"மனுசன் மூச்சு விட வேணாமா?" என்றார். அவ்வளவுதான். ஏறிப் போய்விட்டார்.

ஒரு மிஷினுக்கு என்ன மூச்சு என்று நினைத்தேன். 

8:14. முப்பத்து நான்காவது சுற்று. இருமல்.

நன்றாகக் கேட்டேன். "ஓய்... போ..." பிறகு இருமல். இரண்டு முறை. வறட்டு இருமல். பதிவில் இருமலே கிடையாது. அதே இரண்டரை நிமிடத்தைக் காலையிலிருந்து எத்தனை முறை கேட்டிருக்கிறேன்.

அடுத்த சுற்றுக்காகக் காத்திருந்தேன். பதிவில் இருந்தால் அதே இடத்தில் மறுபடி வர வேண்டும்.

வந்தது. ஆனால் அதே இடத்தில் இல்லை. முன்னாலேயே வந்தது. மூன்று முறை.

திரையைப் பார்த்தேன். எண்கள் ஒழுங்காகத்தான் ஓடின. 0:06... 0:07... 0:08... தகரச் சத்தமும் அந்தந்த இடத்தில் சரியாக விழுந்தது. குரல் மட்டும்தான் மாறிக்கொண்டே போனது.

 தூக்குவாளியைத் திறக்கவே தோன்றவில்லை.

8:35. வெளியே வந்தேன். கீழ் எல்லையில் காட்டுமாடுகள் நின்றன. எண்ணினேன். ஒன்பது. நிலவில் முழங்காலுக்குக் கீழே வெள்ளையாகத் தெரிந்தது. ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை. ஒன்றுகூடத் திரும்பிப் போகவும் இல்லை. ஸ்பீக்கர் எனக்கு இடது கைப் பக்கம் மரத்தில் இருந்தது. அவை அதைப் பார்க்கவில்லை.

குடிசையைப் பார்த்துக்கொண்டு நின்றன.

நான் வெளியே நிற்கிறேன். குடிசைக்குள் யாரும் இல்லை.

8:50. குரல் உடைந்துவிட்டது. "ஓய்" என்பது காற்றாகத்தான் வந்தது. வால்யூம் முப்பது. ஸ்பீக்கர் கூம்பு அதிர்கிறது. ஆனால் வருவது கிசுகிசுப்பு. அவ்வளவு பெரிய ஸ்பீக்கரில் ஒரு கிசுகிசுப்பு... மலை முழுக்க.

"போ... அங்கிட்டு... போ..."

எதிர் மலையில் பட்டு அது திரும்பி வந்தது.

9:05. சுற்று முடிந்தது. "ஹ்ஹ்..." மூச்சு இழுத்தது. நான் கட்டிலின் ஓரத்தில் இருந்தேன். பிளேயர் என் மடியில்.

"தண்ணி..."

கையிலிருந்து பிளேயர் நழுவப் பார்த்தது. பிடித்துக்கொண்டேன்.

"தண்ணி... தண்ணி..."

நான் பயந்துவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன். அழுகை வந்தது. காலையில் நான் அடித்த கேலி அப்படியே காதில் நின்றது.

அணைத்துவிடலாம் என்று நினைத்தேன். கீழே ஒன்பது மாடுகள். அணைத்தால் இறங்கிவிடும். கேரட் போனால் அந்த மனுஷனை மதுரைக்குக் கொண்டுபோக முடியாது. 'இது போச்சுன்னா அவரும் போயிருவாரு.' பத்து நிமிடம் அதையே நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்தேன். அவர் உயிருக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

9:16. தாங்க முடியவில்லை. அணைக்காமல் சத்தத்தை மட்டும் நிறுத்தலாம் என்று பிளேயரிலிருந்து ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினேன்.

வெளியே ஸ்பீக்கர் செத்தது.

குரல் நிற்கவில்லை.

"ஓய்... போ..."

அந்தப் பிளேயருக்குச் சொந்தமாக ஸ்பீக்கர் கிடையாது. காதில் மாட்டினால்தான் கேட்கும்.

குரல் குடிசைக்குள் இருந்தது.

என் பக்கத்தில்.

கட்டிலின் அந்தக் கோடியில்... ஒருவர் உட்கார்ந்தால் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ... அந்த உயரத்தில்.

திரும்பிப் பார்க்கவில்லை. இன்று வரை அதற்காகச் சந்தோஷப்படுகிறேன்.

கட்டைவிரலால் பொத்தானை அமுக்கினேன்.

நீண்ட நேரம் அமுக்கினால்தான் பிளேயர் அணையும். ஒரு தட்டுத் தட்டினால், 'பாஸ்'. அணையாமல் நடுவில் நிற்கும்.

அவசரத்தில் ஒரு தட்டுத்தான் விழுந்தது.

9:17. திரையில் பாஸ் அடையாளமாக இரண்டு கோடு. 1:48.

"போ" என்று ஆரம்பித்த குரல் பாதியில் நின்றது.

அமைதி.

சாதாரண அமைதி இல்லை. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை அடக்கிக்கொண்டிருந்தால் நமக்குத் தெரியுமே... அது.

9:18.

கட்டில் கயிறு என் பக்கம் தளர்ந்திருந்தது. அந்தப் பக்கம் இறுகியிருந்தது.

9:19.

அசையவில்லை. என்னால் முடியவில்லை.

9:20.

கீழே ஒரு மாடு மூச்சு விட்டது. அது கேட்டது.

9:21.

பக்கத்தில் மூச்சு இல்லை.

9:22. பிளேயர் தானாக அணைந்தது. பாஸில் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் எதுவும் செய்யாவிட்டால் அந்த வகைப் பிளேயர்கள் தாமாக அணைந்துவிடும். பேட்டரியை மிச்சப்படுத்த வைத்த செட்டிங்.

நீல வெளிச்சம் போன அந்த நொடி...

"ஹா..."

நீளமாக ஒரு மூச்சு. வெளியே விட்டது மட்டும். மறுபடி இழுக்கவில்லை.

கட்டில் கயிறு தளர்ந்தது.

நான் ஓடினேன். எப்படி மேடேறினேன் என்று தெரியாது. ஆண்டிச்சாமியின் குடிசையில் போய் விழுந்தேன். அவர் கம்பளியைப் போர்த்திவிட்டு, தகரத்தை எடுத்துக்கொண்டு மாடசாமியின் தோட்டத்து வரப்பில் போய் நின்றார். விடியும் வரைக்கும் இரண்டு தோட்டத்துக்கும் சேர்த்து அவர் ஒருவரே கத்தினார்.

வெளிச்சம் வந்ததும் இருவரும் இறங்கிப் பார்த்தோம். தோட்டத்துக்குள் ஒரு குளம்படிகூட இல்லை. ஒரு கேரட்கூடப் போகவில்லை.

ஊருக்குள் ஏறியபோது மூக்கம்மாவின் வீட்டு வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். டெலிபோன் இருந்த கடைக்கு அதிகாலையில் தகவல் வந்திருக்கிறது. மாடசாமி இரவே இறந்துவிட்டார்.

அந்த அம்மா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லாத் தூங்குனேன் தம்பி. நீங்க இருக்கீகன்னு நெனச்சுத் தூங்குனேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். நான் எட்டு மணி பஸ்ஸில் ஏறிவிட்டேன். குருநாதன் அண்ணனிடம் வயர் கட்டியதை மட்டும் சொன்னேன்.

சரியாக ஒரு மாதம் கழித்து ஆனந்தி கடைக்கு வந்தாள். இருபத்திரண்டு வயதுப் பெண். மெலிந்திருந்தாள். பிளேயரில் இருக்கும் அப்பாவின் குரலை சிடியில் ஏற்றித் தரச் சொன்னாள். ஏற்றினேன். 4 நிமிடம் 12 நொடி. முழுசாக ஓடவிட்டுப் பார்த்தேன். இருமல் இல்லை. 'தண்ணி' இல்லை. "ஏலே ஆண்டிச்சாமி" இருந்தது. தண்ணீர் குடிக்கிற சத்தம் இருந்தது. அன்று காலையில் முதல் முறை கேட்டது எதுவோ, அதுவேதான்.

சிடி தயாராகிற நேரத்தில் அவளாகவே பேசினாள். நான் கேட்கவில்லை.

"அப்பா தேறிட்டுத்தாண்ணே வந்தாங்க. தெனமும் சாயங்காலம் இருட்டுனதும் ஒதடு அசையும். ரெண்டு நிமிசம். அப்புறம் தண்ணி கேட்டு சாடை காட்டுவாங்க. குடிச்சிட்டு அமைதியா இருப்பாங்க. டாக்டர் அத நல்ல அறிகுறின்னாரு. பேச்சு வந்துரும்னாரு."

நான் கையிலிருந்த சிடி உறையைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கு ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி... சத்தமே வந்துருச்சுண்ணே. 'ஓய், போ, அங்கிட்டுப் போ'ன்னு. தோட்டத்துல கத்துவாங்கல்ல, அப்படியே. நான் சந்தோசத்துல நர்ஸக் கூப்ட ஓடுனேன். ஆனா நிறுத்தவே இல்ல. வார்டுல எல்லாரும் திட்டுனாங்க. தூக்க ஊசி போட்டாங்க. அப்பவும் நிக்கல. தொண்ட கட்டிருச்சு. இருமுனாங்க. தண்ணி கேட்டாங்க. டம்ளர வாயில வச்சேன். குடிக்க முடியல. முழுங்குறதுக்கு வாய மூடணும்ல... அதுக்கு நேரம் கெடைக்கல. எல்லாம் நெஞ்சுல ஊத்திருச்சு."

சிடி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன்.

"ஒம்பது பதினேழுக்குத் திடீர்னு நின்னுட்டாங்க. நர்ஸ் டைம் எழுதியிருக்காங்க. வாய் தெறந்தது தெறந்தபடி. நாடி ஓடுது. மூச்சு உள்ளயும் போகல, வெளியயும் வரல. டாக்டர் என்னென்னமோ பண்ணாரு. அஞ்சு நிமிசம் அப்படியே இருந்தாங்க. ஒம்பது இருபத்திரெண்டு. ஒரே ஒரு மூச்சு விட்டாங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிடி வெளியே வந்தது. உறையில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு படி வரைக்கும் போனவள், நின்று திரும்பினாள்.

"ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கலண்ணே. கத்திக்கிட்டு இருந்த அந்த ரெண்டரை மணி நேரமும் அப்பா என்னையவே பாத்தாங்க. எடது கைதான் வேல செய்யும். அந்தக் கையத் தூக்கி, கட்டைவெரல மட்டும் இப்படி..."

அவள் தன் கையை நீட்டினாள். விரல்களை மடக்கினாள். கட்டைவிரலால் எதையோ அமுக்கிக் காட்டினாள். ஒரு தட்டு இல்லை. நன்றாக அழுத்தி... நீண்ட நேரம்.

"இப்படியே அமுக்கி அமுக்கிக் காட்டுனாங்க. கெஞ்சுற மாதிரி. அம்மாட்ட கேட்டேன், அதுக்கும் தெரியல. உங்களுக்கு எதும் தோணுதாண்ணே?"

இல்லம்மா, தெரியல என்று சொன்னேன்.